லங்காவியில் 1983ஆம் ஆண்டுப் பாய்மரப் படகு: குடியிருப்பதற்காக வாங்கலாமா?

பினாங்கு_அலை:

வணக்கம். நானும் என் மனைவியும் பினாங்கில் வசிக்கிறோம். மின்நிலையத்தில் தொழில்நுட்பராக முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன். மனைவி தாதியாக இருந்தவர். பிள்ளைகள் இருவரும் தங்கள் காலில் நின்றுவிட்டதால், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பாய்மரப் படகிலேயே குடியிருப்பது என்று இருவரும் பேசி முடிவு செய்திருக்கிறோம். லங்காவியை இருப்பிடமாக வைத்துக்கொண்டு, பருவம் பார்த்துப் புக்கெட் வரை போய்வருவதும், படகு நன்றாகக் கைக்குப் பழகிய பிறகு அந்தமானுக்கும் இலங்கைக்கும் போவதும் எங்கள் எண்ணம். சிறு பாய்ப் படகுகளில் பல ஆண்டுகள் ஓடிய பழக்கம் எனக்கு உண்டு. நண்பர்களின் படகில் உடன் சென்று இரண்டு முறை புக்கெட்டுக்கும் போய் வந்திருக்கிறேன். ஆனால் பெரிய படகு எதையும் சொந்தமாக வாங்கியதில்லை.

நாங்கள் பார்த்து வைத்திருப்பது 1983இல் தைவானில் கட்டப்பட்ட 37 அடி ஃபைபர் படகு. விற்பவரோடு பேச்சு நடந்துகொண்டிருப்பதால் கட்டியவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தைவானிலிருந்து அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான, முன்னும் பின்னும் கூர்ந்த உடலும் நீண்ட கீலும் (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு போன்ற பகுதி) கொண்ட கனமான படகுகளை இங்கே பலரும் அறிந்திருப்பீர்கள். அந்த வகையைச் சேர்ந்தது. எடை ஏறத்தாழ 11 டன். எஞ்சின் பெர்கின்ஸ் 4.108. படகு அமெரிக்கக் கொடியில் பதிவாகியுள்ளது. அதன் உரிமையாளர் செங்கடல் வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போவதற்காக 2010இல் லங்காவிக்கு வந்தவர். சோமாலியக் கடற்கொள்ளையருக்கு அஞ்சி ஓராண்டு காத்திருந்தார். 2011 பிப்ரவரியில் குவெஸ்ட் என்ற பாய்மரப் படகில் சென்ற நான்கு அமெரிக்கர்கள் கொல்லப்பட்ட பிறகு அந்தப் பயணத்தையே கைவிட்டுவிட்டாராம். இப்போது அவருக்கு எண்பது வயது நெருங்குகிறது. கடந்த ஆறு ஆண்டுகளாகப் படகு பெரும்பாலும் கயிற்றால் கட்டிப்போட்ட இடத்திலேயே கிடக்கிறது. அவர் கேட்கும் விலை 42,000 அமெரிக்க டாலர்.

பிப்ரவரியில் போய்ப் பார்த்தோம். உள்ளே தேக்கு வேலைப்பாட்டைக் கண்டு இருவருக்கும் பேச்சே வரவில்லை. மேல்தளத்திலும் தேக்குப் பலகை பதித்திருக்கிறார்கள். ரேடார், தானியங்கிச் சுக்கான், கடல்நீரை நன்னீராக்கும் கருவி, காற்றாடி மின்னாக்கி என்று ஒரு பக்கம் நிறைய எழுதித் தந்திருக்கிறார். சேமநிதியிலிருந்து இதற்கென்று நாங்கள் ஒதுக்கியிருக்கும் தொகை மொத்தமாக 250,000 ரிங்கிட். இதே விலைக்குச் சற்று மேலே, புக்கெட்டில் வாடகைப் படகாக ஓடிய, 2004இல் கட்டிய ஐரோப்பியத் தொழிற்சாலைப் படகு ஒன்றும் விற்பனைக்கு இருக்கிறது. அகலமான, வெளிச்சமான படகு. ஆனால் மனம் பழையதன் பக்கமே சாய்கிறது. நாற்பது ஆண்டு கடந்த படகில் குடியேறுவது அறிவுடைய செயல்தானா? படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயரை அழைப்பதற்கு முன் நானே எதை எதைப் பார்க்க வேண்டும்? படகில் வாழ்ந்தவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.

கலப்பத்து:

ஐயா, நான் பதினான்கு ஆண்டுகளாகப் படகில் குடியிருப்பவன். பிறர் படகுகளைச் சரிசெய்து பிழைப்பவன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த செய்தி 1983 அன்று, கட்டிப்போட்ட இடத்திலேயே ஆறு ஆண்டுகள் கிடக்கிறது என்பதுதான். ஓடுகிற பழைய படகில் பழுதானதை அவ்வப்போது மாற்றியிருப்பார்கள். வெப்பமண்டலத்தில் சும்மா கிடக்கும் படகிலோ வெயில் மேலிருந்தும், மழைநீர் உள்ளிருந்தும், சிப்பி கீழிருந்தும் தின்றுகொண்டே இருக்கும். கணக்கில் முதல் திருத்தம் இது: எழுதித் தந்த கருவிப் பட்டியலுக்கு மதிப்பு பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2010இல் பொருத்திய ரேடார் இன்று இயங்கினால் நல்லது, இயங்காவிட்டால் கழற்றிப் போட வேண்டிய சுமை. மலாக்கா நீரிணையில் மின்னல் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. படகின் உடல், மேல்தளம், பாய்மரமும் அதைத் தாங்கும் எஃகு வடங்களும், எஞ்சின் ஆகிய நான்குக்கு மட்டுமே பணம் கொடுங்கள்.

மேல்தளத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த வகைப் படகில் பணம் அங்கேதான் கரையும். அந்தக் காலத்துத் தைவான் படகுகளில் தேக்குப் பலகையை ஒட்டியதோடு நிற்காமல் ஆயிரக்கணக்கான திருகாணிகளால் ஃபைபர் தளத்தில் முடுக்கினார்கள். அந்தத் தளத்தின் இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே இலேசான பால்சா கட்டைகளோ ஒட்டுப்பலகையோ இருக்கும். பலகைகளுக்கு இடையிலுள்ள கறுப்புப் பூச்சு வெயிலில் காய்ந்து வெடித்ததும், மழைநீர் ஒவ்வொரு திருகாணித் துளை வழியாகவும் இறங்கிப் பால்சாவை ஊறவைத்துச் சேறாக்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு சிறு பிளாஸ்டிக் சுத்தியலோ தடித்த திருப்புளியின் கைப்பிடியோ எடுத்துக்கொண்டு, அணியத்திலிருந்து (படகின் முன்முனை) அமரம் (பின்முனை) வரை சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தளம் டக், டக் என்று கூர்மையாகப் பேசும். ஊறிய தளம் ஈர மூட்டையைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலிக்கும். ஒலி மாறும் இடங்களைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். என் சொந்தப் படகில் அந்தக் கோடுகளை வரைந்து முடித்தபோது தளத்தில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளையாக இருந்தது. பலகைகளைப் பெயர்த்து, உள்கட்டையை மாற்றி, திரும்ப ஃபைபர் பூசி முடிக்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது, அதுவும் கூலி கொடுக்காமல் நானே செய்து.

நீங்கள் பிப்ரவரியில் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். லங்காவியில் அது வறண்ட காலம், ஒழுகும் படகும் காய்ந்து அழகாக இருக்கும். அடுத்த முறை மழைநாளில் போங்கள், அல்லது நீர்க்குழாயை வாங்கி ஒரு மணி நேரம் தளத்தின் மீதும் சன்னல்கள் மீதும் நீர் விடச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் உள்ளே இருந்து அலமாரிகளைத் திறந்து, சன்னல் சட்டத்தின் அடிவிளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். தேநீர் நிறத்தில் வழிந்த கறை எங்கெல்லாம் இருக்கிறதோ அதற்கு மேலே ஒரு துளை இருக்கிறது.

அடுத்தது செயின்பிளேட், அதாவது பாய்மரத்தைத் தாங்கும் வடங்கள் படகின் உடலோடு பிணையும் எஃகுப் பட்டைகள். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்கிறோமே தவிர, அது காற்றுப் படும் வரைதான் துருப்பிடிக்காது. தளத்தைத் துளைத்து இறங்கும் அந்த இரண்டு அங்குல இடத்தில் ஈரம் தேங்கி, ஆக்சிஜன் கிடைக்காமல் போனால், மேற்பரப்பைக் காக்கும் படலம் அழிந்து, முடியளவு விரிசல் உள்ளுக்குள்ளேயே ஓடும். மேலே பளபளக்கும், கீழே பளபளக்கும், நடுவில் பாதி அறுந்திருக்கும். ஒரு பட்டையையாவது கழற்றிக் காட்ட விற்பவர் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் அத்தனையையும் புதிதாகச் செய்ய வேண்டும் என்றே கணக்குப் போடுங்கள். வடங்களின் வயதையும் பில்லோடு கேளுங்கள். பத்து ஆண்டைத் தாண்டிய வடங்களோடு வரும் படகுக்குப் பல காப்பீட்டு நிறுவனங்கள் தயங்கும்.

உடலின் அடிப்புறத்தில் கொப்புளங்கள் இருந்தால் பதற வேண்டாம். வேலியண்ட் 40 என்ற புகழ்பெற்ற படகிலேயே, 1976 முதல் 1981 வரை தீத்தடுப்புப் பிசின் கலந்து கட்டியவற்றில் கொப்புளங்கள் ஏராளமாக வந்தன. அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. கொப்புளத்தைக் குத்தினால் புளித்த வாடையோடு நீர் வரும், அது விலையைக் குறைப்பதற்கான காரணமே ஒழிய ஓடிப்போவதற்கான காரணம் அன்று. கீலைப் பொறுத்தவரை உங்கள் படகு வகை எனக்குப் பிடித்தது. அதன் பாரம் ஃபைபர் உடலுக்குள்ளேயே மூடி வைக்கப்பட்டிருக்கும் என்பதால் கழன்று விழ ஆணிகளே இல்லை. தரைதட்டிய தழும்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். புக்கெட் படகை யோசிப்பதானால், அந்த வகையில் கீலை ஆணிகளால் முடுக்கியிருப்பார்கள் என்பதைக் கவனியுங்கள். 2014 மே மாதத்தில் சீக்கி ரஃபிக்கி என்ற படகின் கீல் வட அட்லாண்டிக்கில் கழன்று நான்கு பேர் இறந்தார்கள். அந்த விசாரணைக்குப் பின் எல்லோரும் பேசியது, முந்தைய தரைதட்டல்களால் உள்ளிருக்கும் சட்டகத்துக்கும் உடலுக்கும் இடையிலான ஒட்டு கண்ணுக்குத் தெரியாமல் விட்டுப்போகக் கூடும் என்பதைத்தான். வாடகைப் படகு எத்தனை முறை தரைதட்டியது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை.

எஞ்சினைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. நீங்கள் போய்ச் சேரும் முன்பே விற்பவர் அதை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் கையை வைத்துப் பார்த்துவிட்டே சாவியைத் திருப்ப வேண்டும். பெர்கின்ஸ் 4.108 பின்பக்கச் சீலில் எண்ணெய் சொட்டுவது ஊரறிந்த வழக்கம், அதற்காகப் பயப்படாதீர்கள். உதிரிப்பாகம் இன்றும் கிடைக்கும் உறுதியான எஞ்சின் அது. டீசல் தொட்டியைத்தான் பார்க்க வேண்டும். இவ்வகைப் படகுகள் சிலவற்றில் கறுப்பிரும்புத் தொட்டியை அணியத்தில், படுக்கைக்கு அடியில் வைத்திருப்பார்கள். அது துருத்தால் படுக்கையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதோடு 80 மீட்டர் நங்கூரச் சங்கிலியும் சேர்ந்தால் அணியம் தாழ்ந்து படகு மூக்கைக் குத்திக்கொண்டு ஓடும்.

என் முடிவு: இந்தப் படகு உங்களுக்குத் தகுந்ததுதான், ஆனால் 42,000 டாலருக்கு அன்று. அந்த விலை உங்கள் ஒதுக்கீட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கை விழுங்கிவிடும். பாதிக்கு மேல் படகுக்குக் கொடுக்காதீர்கள். மீதிப் பாதி முதல் இரண்டு ஆண்டுகளில் தானே வழி கண்டுபிடித்துப் போய்ச் சேரும்.

கடல்வீடு:

அண்ணா, கலப்பத்து ஐயா சொன்னதெல்லாம் படகைப் பற்றியது. நான் அதில் வாழ்வதைப் பற்றி எழுதுகிறேன். ஐந்து ஆண்டுகளாக 36 அடிப் படகில் என் கணவரோடு குடியிருக்கிறேன். முதலில் ஒன்று கேட்கிறேன், அண்ணி அந்தப் படகில் எவ்வளவு நேரம் இருந்தார்? மரவேலையைப் பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் இறங்கியிருந்தால் அது போதாது. முன்பணம் கொடுப்பதற்குள் இரண்டு இரவு அதில் தங்க அனுமதி கேளுங்கள். உண்மையாக விற்க நினைப்பவர் மறுக்க மாட்டார். ஏசி இல்லாமல், கரண்டு வயரைப் பிடுங்கிவிட்டு, படகின் பேட்டரியிலேயே அந்த இரண்டு இரவும் கழிய வேண்டும். அங்கே சமைத்து, அங்கே குளித்து, அங்கேயே தூங்குங்கள்.

தைவான் படகுகளின் உள்ளே இருக்கும் அந்தத் தேக்கு அழகை நானும் மிகவும் நேசிக்கிறேன், ஆனால் அது பகலிலேயே விளக்குப் போட வைக்கும், இரவில் பகல் வெப்பத்தைத் திருப்பித் தரும். எத்தனை கூரைச் சன்னல் திறக்கும், மழை பெய்யும்போதும் திறந்து வைக்கக் கூடியது எது என்று எண்ணுங்கள். நங்கூரத்தில் நிற்கும்போது படகு காற்றை நோக்கித் தானே திரும்பிக்கொள்வதால் அணியச் சன்னல் வழியாகக் காற்று சுகமாக இறங்கும். மரினாவில் (படகுகளைக் கட்டி நிறுத்தும் துறையில்) கட்டிக் கிடக்கும்போது அது நடக்காது. ஆகவே மரினாவில் படும் புழுக்கத்தை வைத்து மட்டும் படகைத் தள்ளிவிடாதீர்கள், முடிந்தால் ஓர் இரவை நங்கூரத்தில் கழித்துப் பாருங்கள்.

கழிவறைக் குழாய்களை ஒரு சிறு சோதனையால் அறியலாம். ஈரத் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, குழாயைச் சுற்றி நன்றாகத் தேய்த்துவிட்டு அந்தத் துணியை முகர்ந்து பாருங்கள். நாற்றம் துணியில் ஏறியிருந்தால் குழாயின் சுவரே ஊறிவிட்டது என்று பொருள், எவ்வளவு கழுவினாலும் போகாது. குளிர்ப்பெட்டியில் அதன் கம்ப்ரஸரைவிடச் சுவரின் தடிமனே முக்கியம். நான்கு அங்குலத்துக்குக் குறையாத காப்பு இல்லாவிட்டால் நம் ஊர் வெப்பத்தில் அது இரவும் பகலும் ஓடி பேட்டரியைக் குடித்துவிடும். எங்கள் பெட்டியில் காப்பு இரண்டே அங்குலம் என்பதை வாங்கிய பிறகுதான் கண்டுபிடித்தோம். நீங்கள் மின் வேலை தெரிந்தவர், எனவே சூரியத் தகடு வைப்பதெல்லாம் உங்களுக்குச் சிரமமில்லை. ஆனால் 750 வாட் மிக்சியை இன்வெர்ட்டரில் ஓட்டினால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 70 ஆம்பியர் இழுக்கும் என்பதை அண்ணியிடம் இப்போதே சொல்லிவையுங்கள். நான் சட்டினிக்கு ஒரு சிறு கல்லுரலையே வைத்திருக்கிறேன்.

சமையல் வாயு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து யாருடைய பேச்சையும் நம்பாதீர்கள். அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வெளியேற வழியில்லாமல் படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும், ஒரு சுவிட்சின் பொறி போதும். வாயு உருளை இருக்கும் பெட்டி உள்ளறையோடு தொடர்பில்லாமல் மூடியிருக்க வேண்டும், அதன் அடியில் இருக்கும் துளை நேரே கடலுக்குப் போக வேண்டும். இந்தப் படகில் அப்படி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

வடமராட்சி:

படகைப் பற்றி முன்னவர்கள் சொன்னதோடு எனக்கு உடன்பாடு. பத்திரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் அமெரிக்கக் கொடியுள்ள படகை அமெரிக்கக் குடிமகன் அல்லாதவர் வாங்கும்போது அங்கேதான் சிக்கல் விழும். அந்தப் படகு அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் கப்பல் பதிவு மையத்தில் பதிவானதா, அல்லது ஏதோ ஒரு மாநிலத்தின் எண் மட்டும் கொண்டதா என்று முதலில் கேளுங்கள். மையத்தில் பதிவானதென்றால் அதன் உரிமை வரலாற்றுச் சுருக்கத்தைக் கட்டணம் செலுத்தி யாரும் பெறலாம். 1983இலிருந்து யார் யார் கைக்கு மாறியது, எந்த வங்கி எப்போது கடன் கொடுத்தது, அந்தக் கடன் தீர்ந்ததாகப் பதிவு இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். அந்தப் பதிவு அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது என்பதால் விற்பனையோடு அதை நீக்கி, நீக்கியதற்கான சான்றிதழைப் பெற்று, பிறகே உங்கள் பெயரில் வேறு கொடிக்குப் பதிய முடியும். நீக்கச் சான்றிதழ் கைக்கு வரும் வரை பணத்தின் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

இடையில் ஒரு காலத்தில் அது பிரித்தானியச் சிறு கப்பல் பதிவேட்டில் இருந்ததாகத் தாள் காட்டினால், அது உரிமைச் சான்று ஆகாது என்பதை நினைவில் வையுங்கள். அங்கே உரிமையை நிறுவுவது முதற்பகுதிப் பதிவு மட்டுமே. ஒரு கப்பலை 64 பங்குகளாகப் பிரித்து உரிமை எழுதும் பழைய முறை அதில் இன்றும் நடக்கிறது. லங்காவி வரியில்லாத் தீவு என்பதால், படகை அங்கே வாங்கிப் பினாங்குக்குக் கொண்டுவரும் நாளில் சுங்கத் துறைக்கு உங்களிடம் ஒரு கேள்வி இருக்கும். மலேசியக் குடிமகனாகிய உங்களுக்கு என்ன வரி என்பதை விற்பவரிடமோ தரகரிடமோ கேட்காமல் சுங்கத் துறையிடமே எழுத்து மூலம் கேட்டுப் பெற்றுவிடுங்கள்.

நான் பிறந்த வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்கி, நம்மூர் மாலுமிகளே அதை ஓட்டிச் செல்ல, 1938இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் என்பதால், ஒரு தமிழ்க் குடும்பம் படகேறப் போகிறது என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. இலங்கை வரும்போது திருகோணமலைக்கு வாருங்கள்.

பினாங்கு_அலை:

அனைவருக்கும் நன்றி. மூன்று மாதம் கழித்து நடந்ததை எழுதுகிறேன்.

மே மாதத்தில், முதல் மழைகள் தொடங்கிய பிறகு, உரிமையாளரிடம் கேட்டு இரண்டு இரவு தங்கினோம். முதல் இரவு நங்கூரத்தில், அணியச் சன்னலின் கீழே இருவரும் அசந்து தூங்கினோம். இரண்டாம் இரவு மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. சற்று நேரத்தில் மனைவி என்னை எழுப்பி, எதுவும் பேசாமல் என் கையைப் பிடித்து வலப்பக்கப் புத்தக அலமாரியின் மேல் வைத்தார். மரம் சொதசொதவென்று நனைந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது, தளத்திலிருந்து இறங்கும் செயின்பிளேட்டைத் தொடர்ந்து நீர் மெல்லிய நூலாக வழிந்துகொண்டிருந்தது. விடியும் வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சர்வேயர் வந்தபோது அந்தப் பட்டையையே கழற்றச் சொன்னேன். உரிமையாளர் முகம் வாடினாலும் மறுக்கவில்லை. தளத்துக்கு மேலே இருந்த பகுதியும் கீழே இருந்த பகுதியும் கண்ணாடிபோல் இருந்தன. நடுவில், தளத்தின் தடிமனுக்குள் புதைந்திருந்த இரண்டு விரற்கடை இடத்தில் காப்பித்தூள் ஒட்டியதுபோல் பழுப்பேறி, அதைத் துடைத்ததும் குறுக்கே ஒரு கோடு தெரிந்தது. சர்வேயர் விரிசலைக் காட்டும் சாயத்தைத் தடவித் துடைத்துக் காட்டியபோது அந்தக் கோடு பட்டையின் பாதி அகலம் வரை சிவப்பாக ஓடியது. கலப்பத்து ஐயா, நீங்கள் எழுதிய வரியை அங்கேயே நின்று மனைவிக்கு மீண்டும் படித்துக் காட்டினேன்.

மற்றவை இப்படி. தட்டிப் பார்த்ததில் வலப்பக்க நடைவழியும் பாய்மரத்தைச் சுற்றிய இடமும் மந்தமாக ஒலித்தன. காக்பிட்டும் (சுக்கான் பிடிப்பவர் உட்காரும் பள்ளம்) இடப்பக்கமும் நன்றாக இருந்தன. அடிப்புறத்தில் காசளவில் இருபது முப்பது கொப்புளங்கள். உடலைத் துளைத்துக் கடலுக்குப் போகும் குழாய்களின் அடைப்பான்களில் இரண்டைச் சுரண்டியபோது பித்தளை இளஞ்சிவப்பாகத் தெரிந்தது, துத்தநாகம் கரைந்துவிட்டதாம், அவை இரண்டையும் உடனே மாற்ற வேண்டும். எஞ்சின் குளிர்ந்த நிலையிலேயே இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. டீசல் தொட்டியை முந்தைய உரிமையாளர் ஒருவர் ஏற்கெனவே துருப்பிடிக்காத எஃகில் மாற்றி, படகின் நடுவே கொண்டுவந்திருக்கிறார் என்பது எதிர்பாராத நல்ல செய்தி. வாயு உருளைப் பெட்டியின் துளை ஏதோ பழைய பசையால் அடைபட்டிருந்தது. கடல்வீடு தங்கை எழுதியிருக்காவிட்டால் அங்கே நான் குனிந்தே பார்த்திருக்க மாட்டேன். அமெரிக்கப் பதிவு மையத்திலிருந்து உரிமைச் சுருக்கமும் வந்துவிட்டது. 1991இல் வாங்கிய கடன் ஒன்று 1998இல் தீர்ந்ததாகப் பதிவு இருக்கிறது.

சர்வே அறிக்கையையும் பழுதுகளுக்கான மதிப்பீட்டையும் உரிமையாளரிடம் முழுமையாகக் கொடுத்துவிட்டு, 25,000 டாலர்தான் என்னால் முடியும் என்று சொன்னேன். அவர் நான்கு நாள் பதில் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் அழைத்து, 27,000 கொடு, ஆனால் அந்தத் தளத்தைச் சரிசெய்வேன் என்று வாக்குக் கொடு என்றார். கொடுத்தேன். மனைவிக்கு அந்த ஒழுகிய இரவுக்குப் பிறகும் படகின் மேல் ஆசை குறையவில்லை. எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று தெரிந்துவிட்டதே, தெரியாத படகுக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்கிறார்.

இப்போது ஒரே கேள்வி. கையில் இருக்கும் பணத்துக்குத் தளத்தையும் செயின்பிளேட்டுகளையும் ஒன்றாகத் தொட முடியாது. எதை முதலில் செய்வது?

கலப்பத்து:

செயின்பிளேட்டுகளும் வடங்களும் முதலில், ஐயா, யோசிக்கவே வேண்டாம். தளம் ஊறினால் படுக்கை நனையும், பட்டை அறுந்தால் பாய்மரம் விழும். படகைக் கரையேற்றிப் பாய்மரத்தை இறக்கி, எல்லாப் பட்டைகளையும் ஒரே முறையில் எடுத்து, 316 தரத் துருப்பிடிக்காத எஃகில் பழைய அளவைவிட ஒரு சுற்றுத் தடிமன் கூட்டிச் செய்து மெருகேற்றச் சொல்லுங்கள். அவை தளத்தைத் துளைக்கும் இடங்களில் ஊறிய பால்சாவைச் சுற்றிலும் இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, எப்பாக்சிப் பிசினால் நிரப்பிக் காயவைத்து, அதன் பிறகு அளவுக்குத் துளையிடுங்கள். அப்படிச் செய்தால் இனி அந்த வழியாக நீர் வந்தாலும் உள்கட்டையைத் தொடாது. அந்த இரண்டு அடைப்பான்களையும் கரையில் இருக்கும்போதே வெண்கலத்தில் மாற்றிவிடுங்கள்.

தேக்குப் பலகையை இப்போது பெயர்க்காதீர்கள். மழைக்காலத்தில் திறந்த தளம் காயவே காயாது, ஈரத்தின் மேல் ஃபைபர் பூசினால் மூன்று ஆண்டில் திரும்பத் தொடங்கிய இடத்துக்கே வருவீர்கள். டிசம்பர் நடுவில் வானம் தெளிந்ததும் வலப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள், மார்ச் முடிவதற்குள் மூடிவிடலாம். அதுவரை நடைவழியின் மேல் தார்ப்பாய் ஒன்றைச் சரிவாகக் கட்டி வையுங்கள். எடுத்த திருகாணி ஒவ்வொன்றின் துளையையும் எண்ணிக்கொண்டே அடையுங்கள். டிசம்பரில் நான் அந்தப் பக்கம்தான் இருப்பேன். சுத்தியலும் சாக்பீஸும் கொண்டு வருகிறேன்.